எல்லை கடக்கும் ஒளிபரப்பு

நுழையும்முன்

கூரைமீது நிற்கும் சிறு அலைவாங்கி உலகையே வீட்டுக்குள் கொணர்கிறது. அவ்வீட்டார் அயல்நாடு சென்றால், தாம் கட்டணம் செலுத்திய அலைவரிசைகளை அங்கும் காண இயலுமா? அறிவியலும் சட்டமும் இதற்கு வெவ்வேறு விடை தருகின்றன. ஐரோப்பிய நாடுகளின் பட்டறிவு இதனைத் தெளிவாக்கும்.

வானில் எல்லை இல்லை

தொலைக்காட்சிச் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேல் ஏறத்தாழ 35,786 கிலோமீட்டர் உயரத்தில், புவி தன்னைத்தானே ஒருமுறை சுற்றும் நேரத்திலேயே புவியை வலம் வருகின்றன. ஆதலால், தரையிலிருந்து நோக்குவோருக்கு அவை ஓரிடத்தில் நிலைத்து நிற்பனபோல் தோன்றுகின்றன. அவை அனுப்பும் அலைகள் படரும் பரப்பின் நடுவில் குறிகை வலிமையாகவும் விளிம்பில் நலிந்தும் இருக்கும். நலிந்த இடத்தில் பெரிய அலைவாங்கி தேவைப்படும். எனினும், இப்பரப்பு நாட்டெல்லையோடு பொருந்தி அமைவதில்லை. அண்டை நாடுகளிலும் படர்கிறது.

உரிமைக்கு எல்லை உண்டு

திரைப்படம், விளையாட்டுப் போட்டி ஆகியவற்றின் ஒளிபரப்புரிமை பெரும்பாலும் நாடுவாரியாகவே விற்கப்படுகிறது. ஆகவே, ஒரு நாட்டுக்கென உரிமை பெற்ற நிறுவனம் நிகழ்ச்சிகளை மறையாக்கம் செய்து அனுப்புகிறது. சந்தாதாரரின் பெட்டியில் செருகப்படும் அட்டையே அதனைத் திறக்கும் திறவுகோல். அவ்வட்டையைப் பிறநாட்டில் பயன்படுத்தலாகாது என ஒப்பந்தங்கள் விதிப்பதுண்டு.

இவ்விதி நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளானது. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் நகரில் மதுவிடுதி நடத்திய கேரன் மர்ஃபி, கிரேக்க நாட்டு அட்டையைக் கொண்டு குறைந்த செலவில் ஆங்கிலக் கால்பந்துப் போட்டிகளைக் காட்டினார். வழக்கு ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம்வரை சென்றது. ஒன்றியத்தின் ஒரு நாட்டில் விற்கப்பட்ட அட்டையை மற்றொரு நாட்டில் பயன்படுத்துவதைத் தடுக்கும் சட்டம், சேவைகளின் தடையற்ற இயக்கத்துக்கு முரணானது என்று 2011 அக்டோபர் 4 அன்று அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதேவேளை, போட்டியுடன் சேர்ந்து வரும் இசை, வரைகலை போன்ற படைப்புகளை விடுதியில் காட்டுவதற்கு உரிமையாளரின் இசைவு வேண்டும் என்றும் கூறியது.

பயணிக்குக் கிடைத்த உரிமை

2018 ஏப்ரல் 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய விதி நடைமுறைக்கு வந்தது. அதன்படி, கட்டண இணையவழிச் சேவை பெறுவோர், ஒன்றியத்தின் வேறொரு நாட்டில் தற்காலிகமாகத் தங்கும்போதும் அதே நிகழ்ச்சிகளைக் கூடுதல் கட்டணமின்றிக் காணலாம். சந்தாதாரர் எந்நாட்டில் வாழ்கிறார் என்பதை நிறுவனம் சரிபார்க்கும். நிலையாகக் குடிபெயர்ந்தவர்க்கு இவ்வுரிமை பொருந்தாது. பிரித்தானியச் சந்தாதாரர்கள் 2021 சனவரி 1 முதல் இதனை இழந்தனர்.

இவ்விதி இணையவழிச் சேவைக்கே உரியது. கூரைமீதுள்ள அலைவாங்கிக்கு அன்று. எனவே, பயணம் புறப்படுவோர் தம் சந்தா எவ்வழிச் சேவைக்குரியது, எந்நாடுகளில் செல்லும் என்பவற்றை ஒப்பந்தத்தில் படித்தறிதல் வேண்டும். அலை எட்டும் இடமெல்லாம் உரிமையும் எட்டும் எனக் கருதுதல் பொருந்தாது.

தெரியுமா?

புவிநிலைச் சுற்றுப்பாதையில் மூன்று நிலையங்களை நிறுத்தி உலகெங்கும் செய்தி பரப்பலாம் என்னும் கருத்தை, ஆர்தர் சி. கிளார்க் 1945ஆம் ஆண்டு 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் எழுதினார்.