கூலியும் கூலியாளின் உயிரும்



ஒரு மனிதரை வேலைக்கு அமர்த்துவது எவ்வாறு என்பதை மேலாண்மைக் கல்லூரியில்தான் கற்க வேண்டும் என்பதில்லை. திருக்குர்ஆனின் 28-ஆம் அத்தியாயமான ‘அல்கஸஸ்’ அதற்கு ஒரு காட்சியையே வைத்திருக்கிறது. மத்யன் நகரத்துப் பெரியவரின் மகள், மூஸா (அலை) அவர்களைப் பணிக்கு அமர்த்திக்கொள்ளுமாறு தந்தையிடம் பரிந்துரைக்கிறார். அதற்கு அவர் சொல்லும் தகுதிகள் இரண்டே: வலிமை, நம்பகம். முன்னது வேலையைச் செய்து முடிக்கும் ஆற்றல். பின்னது யாரும் பார்க்காதபோதும் அதைச் சரியாகச் செய்யும் குணம். ‘நம்ம ஆளு’ என்பதோ ‘மச்சானுடைய தம்பி’ என்பதோ அந்தப் பட்டியலில் இல்லை என்பதை நம் வியாபாரப் பெருமக்கள் கவனிக்க வேண்டும்.

பெரியவரும் உடனே காலத்தைப் பேசிவிடுகிறார். எட்டு ஆண்டுகள், மூஸா (அலை) விரும்பினால் பத்து. அவரைச் சிரமப்படுத்த மாட்டேன் என்றும் உறுதி தருகிறார். மூஸா (அலை) அவர்களும் மௌனமாக இருந்துவிடவில்லை. அவ்விரு தவணைகளில் எதை நிறைவேற்றினாலும் அதன்பின் தம்மை நெருக்கக் கூடாது என்று தம் தரப்பு நிபந்தனையை முன்வைக்கிறார். தகுதி, காலம், பிரதிபலன், பணிச்சுமையின் வரம்பு ஆகிய நான்கும் சில வசனங்களுக்குள் அடங்கிவிடுகின்றன. இன்று மனிதவள மேலாண்மை என்று பெயர் சூட்டிப் படிக்கப்படும் துறையின் அரிச்சுவடி இதுதான்.

ஃபிக்ஹு நூல்களில் ‘இஜாரா’ எனும் பாடம் இதை விரிவாக்குகிறது. கூலி தெரிந்திருக்க வேண்டும்; வேலையோ அதற்கான காலமோ தெரிந்திருக்க வேண்டும். ‘வந்து சேருங்கள், பார்த்துச் செய்கிறேன்’ என்று நம் கடைத்தெருக்களில் பெருந்தன்மையாகச் சொல்லப்படும் வாக்கியம், மார்க்க அறிஞர்களின் பார்வையில் ஒப்பந்தத்தைப் பழுதாக்கும் அறியாமை ஆகும். அப்படிப் பழுதான ஒப்பந்தத்தில் ஒருவர் உழைத்துவிட்டால், அதே வேலைக்கு ஊரில் வழங்கும் கூலியை அவருக்குக் கொடுத்தாக வேண்டும். முதலாளி ‘பார்த்த’ தொகை கணக்கில் சேராது.

நாட்டின் சட்டமும் இதே இடத்துக்குத்தான் வந்திருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் இந்தியாவில் நடைமுறைக்கு வந்துள்ள நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், பணியாளருக்கு எழுத்துமூலமான நியமனக் கடிதத்தைக் கட்டாயமாக்கியுள்ளன. மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும். ஒருவர் விலகினாலும் விலக்கப்பட்டாலும் அவருக்குரிய ஊதியத்தை 2 வேலை நாட்களுக்குள் தீர்க்க வேண்டும். வியர்வை உலரும் முன் கூலி என்ற நபிமொழியை மேடையில் சொல்லி மகிழும் நாம், விலகிப் போனவரை நிலுவைத் தொகைக்காக மூன்று மாதம் நடக்கவிடுவது என்ன நியாயம்?

இஜாராவில் இன்னொரு நுட்பம் உண்டு. தம் நேரத்தை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டவர் ஒரு வகை. தையற்காரரைப் போலப் பலருக்கும் வேலை செய்து கொடுப்பவர் மற்றொரு வகை. ஹனஃபி நூல்களின்படி, முதல் வகையினர் குறித்த நேரத்தில் வந்து தயாராக நின்றுவிட்டாலே கூலிக்கு உரியவராகிறார். சரக்கு வரவில்லை, மின்சாரம் இல்லை என்பது முதலாளியின் பாடு. காலை முதல் இரவு வரை ஒரே கூடத்தில், ஒரே மேற்பார்வையாளரின் கட்டளையில் வேலை செய்பவரை ஏட்டில் மட்டும் ‘காண்ட்ராக்ட் ஆள்’ என்று எழுதிப் பொறுப்பிலிருந்து நழுவும் தந்திரம், இந்தப் பாகுபாட்டின் முன் நிற்காது.

இனி உயிர்ப் பாதுகாப்பு. ஹிஜ்ரி 450-இல் மறைந்த இமாம் மாவர்தீ (ரஹ்) அவர்கள் தமது ‘அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா’வில் சந்தைக் கண்காணிப்பாளரான முஹ்தஸிபின் கடமைகளை வகுக்கும்போது, மூழ்கிவிடும் அளவுக்குப் பாரம் ஏற்றப்படும் படகுகளையும் கடுங்காற்றில் புறப்படும் படகுகளையும் அவர் தடுக்க வேண்டும் என்கிறார். படகு மூழ்கட்டும், பிறகு விசாரிப்போம் என்று அவர் எழுதவில்லை. தொழிற்சாலை ஆய்வாளர் என்ற பதவியின் உட்கருத்து இதுவே.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரத்துத் தோல் தொழிலில் நம் சமுதாயத்தவர் தலைமுறைகளாக முதலாளிகளாகவும் தொழிலாளிகளாகவும் இருந்து வருகின்றனர். ஆகவே அந்தத் தொழிலையே எடுத்துக்கொள்வோம். தோலிலிருந்து முடியை நீக்கச் சுண்ணாம்புடன் சோடியம் சல்பைடு சேர்க்கப்படுகிறது. பின்னர் வரும் கட்டத்தில் அமிலம் பயன்படுகிறது. இவ்விரு கழிவுகளும் ஒரே தொட்டியில் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு பொங்கி எழும். இது காற்றைவிடக் கனமானது. தொட்டியின் அடியிலேயே தங்கும். சிறிதளவில் அழுகிய முட்டையின் நாற்றம் வீசும். காற்றில் பத்து லட்சத்தில் சுமார் 100 பங்கை எட்டினாலோ மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாமற் போய்விடும். ‘இப்போது வாடை இல்லை, இறங்கலாம்’ என்று கருதும் தருணமே மரணத்தின் தருணமாக அமைந்துவிடுகிறது. அளவு ஆயிரத்தை நெருங்கினால் ஓரிரு மூச்சுக்குள் மனிதர் சாய்ந்துவிடுவார்.

அவர் சாய்வதைக் கண்டு இரண்டாமவர் இறங்குகிறார். அவரைத் தூக்க மூன்றாமவர். அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986-இல் வெளியிட்ட எச்சரிக்கையில், மூடிய தொட்டிகள் போன்ற இடங்களில் இறந்தோரில் 60 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் காப்பாற்றச் சென்றவர்களே என்று குறிப்பிட்டது. சகோதர பாசத்தால் குதிப்பவரை யார் குறை கூற முடியும்? குதிக்காமல் காப்பாற்றும் வழியை முன்கூட்டியே செய்து வைக்காதவரைத்தான் கேட்க வேண்டும்.

அந்த வழியில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. முதலில், மனிதர் இறங்கவே தேவையில்லாதபடி இயந்திரத்தால் உறிஞ்சி எடுப்பது. அமிலக் கழிவும் சல்பைடு கழிவும் சந்திக்காதவாறு குழாய்களைப் பிரிப்பது. தவிர்க்க முடியாத நிலையில், காற்றோட்டம் செலுத்தி, வாயு அளவியால் சோதித்து, உயிர்வாயு 19.5 விழுக்காட்டுக்குக் குறையவில்லை என்று உறுதி செய்து, இடுப்பில் கயிறு பூட்டி, மேலே ஒருவர் அகலாமல் நிற்க, எழுத்துமூல அனுமதியுடன் அனுப்புவது. முகத்தில் கட்டும் கைக்குட்டை எதற்கும் உதவாது. கையுறை, முகமூடி போன்றவை வரிசையில் கடைசி. ஆபத்தை அகற்றுவதே முதலிடம். நம்மவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கின்றனர். ஒரு ஜோடி கையுறை வாங்கிக் கொடுத்துப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணுகின்றனர்.

2015 ஜனவரி 31-ஆம் நாள் அதிகாலை, ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்துத் தோல் தொழிற்கூடத்திற்குள் சேறு பாய்ந்தது. அங்கே உறங்கிக்கொண்டிருந்தவர்களில் 10 பேர் மாண்டனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்கள் அப்போது வேலை செய்துகொண்டிருக்கவில்லை, எனவே எந்தக் கையுறையும் அவர்களைக் காத்திருக்க முடியாது. தொட்டியின் சுவரும், தொழிலாளர் படுக்கும் இடமும் முதலாளி யோசிக்க வேண்டிய பாதுகாப்பு விஷயங்களே என்பதை அந்த இரவு காட்டியது.

பணிபுரிபவர்கள் நம் சகோதரர்கள், சக்திக்கு மீறிய சுமையை அவர்கள்மீது ஏற்றக் கூடாது, ஏற்றினால் நாமும் கைகொடுக்க வேண்டும் என்று அண்ணலார் (ஸல்) போதித்த செய்தி அபூதர் (ரலி) வழியாக வந்துள்ளது. தொலைவிலிருந்து வந்தவருக்கு அந்தக் கைகொடுத்தல் மிக எளிய காரியங்களில் தொடங்குகிறது. அவருக்குப் புரியும் மொழியில் ஆபத்தை விளக்குதல். முதல் நாளே எந்தத் தொட்டிப் பக்கம் போகக் கூடாது என்று அழைத்துச் சென்று காட்டுதல். 10 பேரோ அதற்கு மேலோ உள்ள இடமாயின் ஈ.எஸ்.ஐ.யில் பதிவு செய்தல். அதில் முதலாளியின் பங்கு ஊதியத்தில் 3.25 விழுக்காடு, தொழிலாளியின் பங்கு 0.75 விழுக்காடு, விபத்தில் அவர் மாண்டால் குடும்பத்துக்கு ஓய்வூதியம் போய்ச் சேர இந்தப் பதிவு உதவும். பதிவேட்டில் ‘பெங்காலி பையன்’ என்று எழுதாமல், அவருடைய முழுப் பெயர், தந்தை பெயர், கிராமம், வீட்டில் உள்ள ஒருவரின் தொலைபேசி எண் ஆகியவற்றை வேலையில் சேரும் அன்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.