பயணக் காப்பீடு: எதற்கு உண்டு? எதற்கு இல்லை?

பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல, பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் சொந்த ஊருக்குச் செல்கின்றன. பாலக்காடு சந்திப்பிலிருந்து சென்னைக்குத் தொடர்வண்டிகள் உள்ளன. மூணாறு, பூப்பாறைப் பகுதியினர் போடிமெட்டு மலைப்பாதையில் இறங்கிப் போடிநாயக்கனூரை அடைவர். அங்கிருந்து சென்னைக்கு நேரடித் தொடர்வண்டி 2023 ஜூன் மாதம் முதல் இயங்கி வருகிறது.

ஐ.ஆர்.சி.டி.சி. இணையத்தளத்தில் பயணச்சீட்டு பதிவு செய்யும்போது, பயணக் காப்பீடு வேண்டுமா என்னும் வினா திரையில் தோன்றும். அதற்கு 'ஆம்' என்று விடையளிக்கும் முன், அதன் பொருளை அறிதல் நன்று.

காப்பீடு என்பது பலர் சிறுதொகை செலுத்தி, அவர்களுள் இழப்புற்ற சிலருக்குப் பெருந்தொகை கிடைக்கச் செய்யும் ஏற்பாடாகும். இந்திய இரயில்வேயில் இத்திட்டம் 2016 செப்டம்பர் முதல் நாள் தொடங்கியது. அப்போது ஒருவருக்குக் கட்டணம் 92 பைசா. பின்னர் அது சிலமுறை மாற்றப்பட்டது.

தொடர்வண்டி விபத்தில் பயணி இறந்தாலோ முழுமையாக, நிலையாக ஊனமுற்றாலோ 10 இலட்சம் ரூபாய் வழங்கப்படும். நிலையான பகுதி ஊனத்திற்கு 7.5 இலட்சம் ரூபாய் உண்டு. காயமுற்று மருத்துவமனையில் சேர்ந்தால், செலவுக்கு 2 இலட்சம் ரூபாய் வரை கிடைக்கும்.

இனி, இக்காப்பீட்டில் அடங்காதவற்றைக் காண்போம். பெட்டி தொலைந்தாலோ வண்டி தாமதமானாலோ பணம் கிடைக்காது. பயணத்தின்போது பாட்டிக்குக் காய்ச்சல் வந்தால், அந்த மருத்துவச் செலவும் இதில் சேராது; ஏனெனில் அது விபத்தால் நேர்ந்ததன்று. காத்திருப்போர் பட்டியலில் உள்ள சீட்டுக்கும், நிலையச் சாளரத்தில் வாங்கிய சீட்டுக்கும் இக்காப்பீடு இல்லை. தனி இருக்கை பதிவு செய்யப்படாத ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் இது பொருந்தாது.

மற்றொன்றும் நினைவில் கொள்ளத்தக்கது. இக்காப்பீடு தொடர்வண்டிப் பயணத்திற்கு மட்டுமே உரியது. போடிமெட்டின் கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து விபத்துக்குள்ளானால், அது இதில் அடங்காது. அந்நிலையில், 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தை அணுகலாம்.

காப்பீடு செய்யாதவருக்குத் தொடர்வண்டி விபத்தில் எதுவுமே கிடைக்காதா? அவ்வாறன்று. 1989ஆம் ஆண்டின் இரயில்வே சட்டம், முறையான பயணச்சீட்டு வைத்திருந்த அனைவருக்கும் இழப்பீட்டு உரிமை தருகிறது. முன்பதிவில்லாப் பெட்டியில் சென்றவருக்கும் இவ்வுரிமை உண்டு. 2017 முதல் உயிரிழப்புக்கான தொகை 8 இலட்சம் ரூபாய் ஆகும். இதனை இரயில்வே உரிமைக்கோரல் தீர்ப்பாயத்தில் விண்ணப்பித்துப் பெறலாம். ஆதலால், முன்பதிவில்லாச் சீட்டையும் பயணம் முடியும்வரை பாதுகாத்தல் வேண்டும்.

காப்பீட்டுத் தொகையைப் பெறுவதற்கு இரண்டு செயல்கள் இன்றியமையாதவை. முதலாவது, நியமனதாரரின் பெயரைப் பதிவு செய்தல். பயணிக்கு ஏதேனும் நேர்ந்தால் பணத்தைப் பெற்றுக்கொள்பவரே நியமனதாரர் ஆவார். சீட்டு பதிவானதும் காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் குறுஞ்செய்தியில் இதற்கான இணைப்பு இருக்கும். பலர் அதனைப் படிக்காமலே விட்டுவிடுகின்றனர். பெயர் பதிவாகாவிடில், துயருற்ற குடும்பம் தன்னைச் சட்டப்படியான வாரிசு என்று மெய்ப்பிக்க அலுவலகங்களுக்கு அலைய நேரிடும். இரண்டாவது, விபத்து நிகழ்ந்த நான்கு மாதங்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்திடம் விண்ணப்பித்தல்.

மாணவர்களே! அக்குறுஞ்செய்தி ஆங்கிலத்தில் வந்தால், அதனைப் பெற்றோருக்குத் தமிழில் படித்து விளக்குங்கள். நியமனதாரர் பெயரை அன்றே பதிவு செய்யத் துணைபுரியுங்கள். சில நிமிடங்களில் முடியும் இவ்வேலை, துன்பக் காலத்தில் ஒரு குடும்பத்தின் அலைச்சலைத் தவிர்க்கும்.