“ரெசிஸ்ட்” என்றால் என்ன?



விதை பாக்கெட்டிலும், கைக்கடிகாரத்தின் பின்பக்கத்திலும், டாக்டர் பேச்சிலும் அடிக்கடி வரும் ஆங்கில வார்த்தை ஒன்று உண்டு. அதுதான் “ரெசிஸ்ட்”. இதற்கு எதிர்த்து நிற்பது, தாக்குப்பிடிப்பது என்று பொருள். “ரெசிஸ்டன்ஸ்” என்றால் எதிர்ப்பு அல்லது எதிர்க்கும் சக்தி. “ரெசிஸ்டன்ட்” என்றால் எதிர்த்து நிற்கக்கூடியது.

விதையில்: குறிப்பிட்ட ஒரு நோயைத் தாங்கும் ரகம் என்று அர்த்தம். எல்லா நோயையும் தாங்கும்னு நினைச்சு ஏமாறக் கூடாது.

கடிகாரத்தில்: “வாட்டர் ரெசிஸ்டன்ட்” என்றால் ஓரளவுக்குத் தண்ணீரைத் தாங்கும். அதுக்காகக் கிணத்துல குதிக்கும்போது கட்டிக்கலாம்னு அர்த்தம் இல்லை.

மருந்தில்: இங்கே எதிர்த்து நிற்பது நாம் இல்லை, கிருமி! டி.பி. மாத்திரையை இரண்டு மாதத்தில் “உடம்பு தேறிடுச்சு”ன்னு நிறுத்தினால், மிச்சம் இருக்கும் கிருமி மருந்தையே எதிர்க்கப் பழகிவிடும். அப்புறம் அந்த மாத்திரை வேலை செய்யாது. டாக்டர் சொன்ன காலம் முழுக்கச் சாப்பிட வேண்டும்.

சட்டத்தில்: நாம் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். 1972-ல் மகாராஷ்டிராவில் ஓர் ஆதிவாசிப் பெண், போலீஸ் நிலையத்துக்குள்ளேயே தனக்குப் பாலியல் கொடுமை நடந்ததாகப் புகார் சொன்னாள். 1978-ல் உச்ச நீதிமன்றம் போலீஸ்காரர்களை விடுதலை செய்தது. உடம்பில் காயம் இல்லை, அவள் எதிர்த்ததற்கு அடையாளம் இல்லை என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. நாடெங்கும் பெண்கள் கொதித்து எழுந்தார்கள். 1983-ல் சட்டம் திருத்தப்பட்டது.

2013-ல் இன்னொரு திருத்தம் வந்தது. ஒரு பெண் உடம்பால் எதிர்க்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக, அவள் சம்மதித்தாள் என்று கொள்ளக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதினார்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-வது பிரிவிலும் இது இருக்கிறது.

ஏன் இப்படி எழுத வேண்டி வந்தது? பயத்தில் கை கால் மரத்துப் போகும், குரல் எழும்பாது. “பிள்ளையைக் கொன்னுடுவேன்”னு மிரட்டினால் எந்தத் தாய் கத்துவாள்? அசையாமல் இருந்தது சம்மதம் ஆகாது.

அதனால் சகோதரிகளே, பாதிக்கப்பட்ட பெண்ணிடம் “நீ ஏன் கத்தலை? ஏன் அடிக்கலை?” என்று நம்மில் யாரும் கேட்க வேண்டாம். “நாங்க கூட இருக்கோம்” என்று சொல்லுங்கள். 181 பெண்கள் உதவி எண்ணுக்கோ, அவசரத்துக்கு 112-க்கோ போன் செய்யலாம். எந்தப் போலீஸ் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். “எங்க எல்லை இல்லை”ன்னு திருப்பி அனுப்ப முடியாது. அரசு ஆஸ்பத்திரியானாலும் தனியார் ஆஸ்பத்திரியானாலும் முதல் சிகிச்சையைக் காசு வாங்காமல் தர வேண்டும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத அக்காமார்களுக்கும் இது போய்ச் சேரட்டும்.