பனிப்பெட்டிக்குள் லஸான்யா

இத்தாலி தேசத்தில் பொலோன்யா என்று ஒரு நகரம். சாப்பாட்டு விஷயத்தில் அந்த ஊர்க்காரர்களின் பிடிவாதம் பிரசித்தமானது. 'லஸான்யா' என்னும் பதார்த்தத்தை இப்படித்தான் செய்யவேண்டும் என்று 2003-ஆம் ஆண்டில் செய்முறையை எழுதி, ஊர் வர்த்தக சபையில் பதிவே செய்துவிட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

கோதுமை மாவில் முட்டையும் பசலைக்கீரையும் சேர்த்துப் பிசைந்து, பச்சைப்பசேல் என்று மெல்லிய தகடுகளாக இடுகிறார்கள். அதைக் கொதிநீரில் போட்டு எடுத்துத் தட்டில் பரப்பி, மேலே மணிக்கணக்காகக் கொதித்த கொத்துக்கறிக் குழம்பு. அதன்மேல் வெண்ணெய், மாவு, பால் மூன்றும் சேர்த்துக் காய்ச்சிய வெள்ளைக் கூழ். அதன்மேல் துருவிய சீஸ். மறுபடி தகடு, மறுபடி குழம்பு என்று அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் ஓவனில் வைத்து மேல் சிவக்க வேகவிடுகிறார்கள். நேப்பிள்ஸ்காரர்கள் வெள்ளைக் கூழை ஒப்புக்கொள்வதில்லை. அவர்களுக்கு ரிக்கோட்டா என்னும் மிருதுவான பால்கட்டிதான் வேண்டும். அந்த ராஜ்யத்தை ஆண்ட கடைசி அரசர் இரண்டாம் பிரான்சிஸுக்கு இதன்மேல் இருந்த மோகத்தினால் 'லாஸா' என்றே செல்லப் பெயர் ஏற்பட்டது. பாவம், 1861-இல் ராஜ்யம் போயிற்று. பெயர் மட்டும் நின்றது.

இவ்வளவும் செய்து முடிக்க அரை நாள் ஆகும். ஆகையினால், ஒரு தட்டுக்குப் படுகிற சிரமத்தில் இரண்டு தட்டாகச் செய்து, ஒன்றை ஃப்ரீஸர் என்கிற பனிப்பெட்டியில் போட்டு வைப்பது மேல்நாட்டுக் குடும்பங்களில் சகஜம். அமெரிக்காவில் இது ஓர் உபசாரமாகவே ஆகிவிட்டது. பக்கத்து வீட்டில் குழந்தை பிறந்ததா, துக்கம் நேர்ந்ததா, உடனே ஒரு லஸான்யா போகும். 2020-இல் கோவிட் காலத்தில் ஸான் டியாகோ நகரத்து ரியானன் மென் என்ற பெண்மணி, கஷ்டப்படும் குடும்பங்களுக்கு லஸான்யா செய்து கொடுக்க ஆரம்பித்தார். அதுவே 'லஸான்யா லவ்' என்ற பெயரில் நாடு முழுவதும் பரவிய இயக்கமாகிவிட்டது.

பெண்ணின் பிரசவத்துக்கென்று நியூஜெர்ஸிக்கோ டொரான்டோவுக்கோ போய் இறங்கும் நம் தாய்மார்களும், அடுத்த வீட்டு அம்மாள் அன்போடு நீட்டும் கல்லாய் உறைந்த தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு விழிக்க நேரிடலாம். (சைவர்கள் ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும். கீரை லஸான்யாதான் என்றாலும், அதில் பர்மிஜியானோ ரெஜியானோ சீஸ் இருந்தால் அது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த உறையினால் திரித்தது.)

பிள்ளை பெற்றவள் சாப்பிடப் போகிறாள். வீட்டில் வயதானவர்கள் சாப்பிடப் போகிறார்கள். அதனால்தான் இதைப் பத்திரப்படுத்தும் முறையைச் சற்று விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

குளிர் கிருமிகளைக் கொன்றுவிடும் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலும் கொல்லாது, தூங்க வைக்கும், அவ்வளவுதான். பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியில் அவை பெருகமாட்டா. ஆனால் எந்த நிலையில் உள்ளே போயினவோ, கிட்டத்தட்ட அதே நிலையில் வெளியே வந்து கண் விழிக்கும். ஆகவே ஆபத்து பனிப்பெட்டியில் இருக்கும் மூன்று மாதத்தில் இல்லை. உள்ளே போவதற்கு முன் சில மணி, வெளியே வந்தபின் சில மணி, அதில்தான் இருக்கிறது.

"நன்றாகக் கொதிக்க வைத்தேனே!" என்பீர்கள். வாஸ்தவம். ஆனால் சில கிருமிகள் கொதிக்கும் குழம்பிலும் சாகாத கெட்டி வித்துக்களாக மாறி உட்கார்ந்துகொள்ளும். பண்டம் ஆறி வெதுவெதுப்புக்கு வந்ததும் முளைக்கும். இறைச்சிக் குழம்பில் வரும் ஒரு ரகம், உஷ்ணம் தோதாக அமைந்தால், சுமார் 10 நிமிஷத்துக்கு ஒரு தரம் இரட்டிக்கும். ஒன்று இரண்டு மணி நேரத்தில் நாலாயிரத்துக்கு மேல் ஆகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பாஸிலஸ் ஸீரியஸ் என்று இன்னொரு ரகம் உண்டு. 2008-இல் பெல்ஜியத்துத் தலைநகரான பிரஸ்ஸல்ஸில் 20 வயது மாணவர் ஒருவர், ஐந்து நாளைக்கு முன் செய்து சமையலறையில் வெளியிலேயே வைத்திருந்த தக்காளி ஸ்பகெட்டியை மைக்ரோவேவ் அடுப்பில் சுட வைத்துச் சாப்பிட்டார். சிறிது நேரத்துக்கெல்லாம் தலைவலி, வயிற்றுவலி, வாந்தி. மறுநாள் காலையில் பெற்றோர் பார்த்தபோது உயிர் இல்லை. மருத்துவ இதழில் 2011-இல் வெளியான விவரம் இது. சூடு பண்ணினாரே என்றால், கிருமி வேண்டுமானால் சூட்டில் சாகும். அது ஏற்கெனவே கக்கி வைத்த விஷம் சாகாது. லஸான்யாவும் அதே கோதுமைத் தகடு, அதே தக்காளிதான்.

5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் இருக்கும் உஷ்ணத்தில்தான் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். அங்கே பண்டம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தங்கக்கூடாது. லஸான்யாவின் குறும்பு என்னவென்றால், மேலே தொட்டால் ஆறியிருக்கும். நடுவில் கத்தியை விட்டு எடுத்தால் சுடும். அடுக்கடுக்காக இருப்பதால் உள்சூடு வெளியே வர வழியில்லை. முழுத் தட்டாக மேஜைமேல் வைத்துவிட்டுத் தூங்கப் போவது கூடவே கூடாது. துண்டுகளாக நறுக்கி, இரண்டங்குலத்துக்கு மேல் உயரமில்லாமல் ஆழமற்ற பாத்திரங்களில் வைத்தால் சீக்கிரம் ஆறும். ஆவி அடங்கியதும் ரெஃப்ரிஜிரேட்டரில் வைத்துவிடலாம். முழுக்கச் சில்லிட வேண்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. அங்கே குளிர்ந்தபின் பனிப்பெட்டிக்கு மாற்றவேண்டும். சுடச்சுடப் பனிப்பெட்டியில் வைத்தால் பக்கத்தில் உறைந்திருக்கும் சாமான்களெல்லாம் இளகும்.

வேகவைக்காமலேயே அடுக்கி உறைய வைப்போரும் உண்டு. அப்படியானால் குழம்பையும் கூழையும் தனித்தனியே குளிரவைத்த பிறகே அடுக்கவேண்டும். ருசிக்கு அது மேல். ஆனால் சிறிய குடும்பத்துக்கும், பிறர் வீட்டுக்குக் கொடுப்பதற்கும், வெந்து நறுக்கிய துண்டுகள்தான் சௌகரியம் என்பது என் அபிப்பிராயம். வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் அல்லவா?

உறைவது எவ்வளவு சீக்கிரம் நடக்கிறதோ அவ்வளவு நல்லது. கிளாரன்ஸ் பர்ட்ஸ்ஐ என்ற அமெரிக்கர் முதல் உலக யுத்தத்துக்குச் சற்று முன்பு லாப்ரடாரில் இருந்தபோது, கடுங்குளிர்க் காற்றில் பிடித்த மீன் அக்கணமே விறைத்துப் போவதையும், மாதம் கழித்துச் சமைத்தாலும் புதிதுபோல் இருப்பதையும் கண்டார். மெதுவாக உறைந்தால் பனி பெரிய பெரிய படிகமாகி உணவைக் கிழிக்கும். சட்டென்று உறைந்தால் பொடிப் படிகம். அவர் தொடங்கி வைத்ததுதான் உறைந்த உணவு வியாபாரம். வீட்டுப் பெட்டியில் அந்த வேகம் வராது என்றாலும், துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்று குவிக்காமல் பரப்பி வைத்தால் பாதி லாபம் கிடைக்கும்.

காற்றுப் புகாமல் சுற்றவேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் பனி தண்ணீராகாமலே ஆவியாய்ப் பறந்து, மேற்புறம் சாம்பல் பூத்துச் சக்கையாகிவிடும். தீங்கில்லை, ருசியும் இல்லை. சுற்றுவதில் ஒரு வேடிக்கை உண்டு. எஃகுத் தட்டில் லஸான்யா, அதைத் தொட்டுக்கொண்டு மேலே அலுமினியத் தாள், நடுவே உப்பும் புளிப்புமான தக்காளி, இம்மூன்றும் கூடினால் ஒரு குட்டி மின்கலம் தயார்! தாளில் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழும். பண்டத்தின்மேல் கறுப்புப் புள்ளி தெரியும். 'லஸான்யா செல்' என்றே இதற்குப் பெயர். முதலில் பட்டர் பேப்பர், அதற்குமேல் அலுமினியத் தாள் என்று சுற்றினால் இந்த வம்பு இல்லை. தேதியை எழுதி ஒட்டுங்கள். இரண்டு மூன்று மாதம் ருசி நிற்கும். பனிப்பெட்டியில் வைக்காமல் ரெஃப்ரிஜிரேட்டரில் மட்டும் வைத்தால் மூன்று நான்கு நாள்தான்.

எடுக்கும்போதும் அவசரம் உதவாது. மேஜைமேல் வைத்து இளக விட்டால், நடு கல்லாக இருக்கும்போதே ஓரங்கள் வெதுவெதுப்பாகிவிடும். முதல் நாளே ரெஃப்ரிஜிரேட்டருக்கு மாற்றிவிடுங்கள்; முழுத் தட்டுக்கு 24 மணி நேரம் பிடிக்கும். மறந்துவிட்டால் உறைந்தபடியே ஓவனில் வைக்கலாம். நேரம் ஒன்றரை மடங்கு ஆகும். கண்ணாடிப் பாத்திரமாக இருந்தால் மட்டும் வேண்டாம், படீரென்று வெடித்துவிடும். எப்படிச் செய்தாலும் நட்டநடுவில் 74 டிகிரி வரவேண்டும். ஓரத்தில் குமிழி விடுவதைப் பார்த்து ஏமாறாமல், சமையல் தெர்மாமீட்டரைக் குத்திப் பாருங்கள்.

மின்சாரம் நின்றுபோனால் கதவைத் திறந்து திறந்து பார்க்கக்கூடாது. நிறைந்த பனிப்பெட்டி மூடியபடியே இருந்தால் சுமார் 48 மணி நேரம் தாங்கும். பாதி காலியானது 24 மணி. திரும்ப மின்சாரம் வந்ததும் பாருங்கள். துண்டில் இன்னும் பனிப் பொருக்கு இருந்தால் மறுபடி உறைய விடலாம். முழுதும் இளகி வெதுவெதுப்பாகிக் கிடந்தால் குப்பைக்குத்தான். முகர்ந்து பார்த்துத் தீர்மானிக்க வேண்டாம். பிரஸ்ஸல்ஸ் பையனைக் கொன்ற விஷத்துக்கு வாசனை கிடையாது.