ரேங்க் இருக்கட்டும்... பலூன் எத்தனை?

தாம்பரம், வண்டலூர் பக்கம் இன்ஜினீயரிங் படிக்கும் பிள்ளைகள் பலருக்கு ஐ.சி.பி.சி என்றால் தனி உற்சாகம். கல்லூரி மாணவர்களுக்கான சர்வதேச புரோகிராமிங் போட்டி இது. டீமுக்கு 3 பேர். நேரடிச் சுற்றில் மூவருக்கும் ஒரே கம்ப்யூட்டர், 5 மணி நேரம். ஒவ்வொரு கணக்கை முடித்ததும் அவர்கள் மேஜையில் ஒரு பலூன் கட்டுவார்கள்!

இந்தியாவில் முதல் சுற்று ஆன்லைனில்தான். அங்கே பலூன் கிடையாது, ரிசல்ட் வந்ததும் வீட்டில் கேட்பது, “எத்தனாவது ரேங்க்?”

ஒரே எண்ணிக்கையில் கணக்கு போட்ட டீம்களை நேரம்தான் பிரிக்கிறது. சரியான விடைக்கு முன் தவறாக அனுப்பிய ஒவ்வொன்றுக்கும் 20 நிமிட அபராதம். ஒரு சின்னத் தவறே ரேங்க்கைச் சரித்துவிடும். போட்ட கணக்கு குறையாது.

எனவே பெற்றோரே, “எத்தனை கணக்கு போட்டீங்க?” என்று கேளுங்கள். இரண்டு என்றால் இரண்டு பலூன். சண்முகம் சாலையில் கிடைக்காத பலூனா!