பெயர் சொல்லி அழைக்கும் இறைவன்

இரண்டு அல்லது மூன்று பேர் தம் பெயரால் கூடியிருக்கும் இடத்தில் தாம் இருப்பதாக இயேசு சொன்னதை (மத் 18:20) நமது செபக்கூட்டங்களிலும் அன்பியக் கூட்டங்களிலும் அடிக்கடி நினைவுகூர்கிறோம். அந்த இறைவார்த்தையின் சாயலில் தம் நூலுக்குப் பெயரிட்டவர் அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் மாயா ஏஞ்சலோ. 1974ஆம் ஆண்டு வெளிவந்த அந்நூலின் பெயர் 'கேதர் டுகெதர் இன் மை நேம்'. 'என் பெயரால் ஒன்றுகூடுங்கள்' என்று அதற்குப் பொருள். ஆனால் அது செபநூல் அல்ல. 17 வயதில், திருமணமாகாமல் தாயான ஒரு பெண் கைக்குழந்தையோடு வாழ வழி தேடி அலைந்த அனுபவம். அதுவும் அவருடைய சொந்த அனுபவம்.

பல பெயர்கள், ஒரு பெண்

1928ல் செயின்ட் லூயிஸ் நகரில் பிறந்த அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் மார்கரீட். 'மாயா' என்பது அண்ணன் பெய்லி அன்போடு அழைத்த பெயர். ஆர்கன்சா மாநிலத்தின் ஸ்டாம்ப்ஸ் என்ற சிற்றூரில், கடை நடத்திய பாட்டியிடம் வளர்ந்தார். ஏறக்குறைய எட்டு வயதில், தாயோடு பழகிய ஒருவனால் பாலியல் வன்முறைக்கு ஆளாகி, அதன்பின் ஐந்து ஆண்டுகள் அளவுக்குப் பேச்சையே நிறுத்திவிட்டார். சிறுமியாய் வேலை பார்த்த வெள்ளையர் வீட்டு எசமானி, மார்கரீட் என்ற பெயர் நீளமாக இருக்கிறதென்று 'மேரி' என்று மாற்றி அழைத்தார். கறுப்பினச் சிறுமிக்குத் தன் பெயர்மீதுகூட உரிமை இல்லாத காலம் அது.

1945ல் மகன் பிறந்தான். எட்டாம் மாதம் வரை கருவுற்றிருப்பதை வீட்டாரிடம் மறைத்தே பள்ளிப்படிப்பை முடித்திருந்தார். செய்தி அறிந்த தாய் அவரை வீட்டைவிட்டுத் துரத்தவில்லை; விருப்பமில்லாத திருமணத்திற்குள் தள்ளவுமில்லை. ஆயினும் மகனைத் தாமே வளர்க்க வேண்டும் என்று மாயா வெளியேறினார். உணவகச் சமையல், மதுக்கூடப் பணி, மேடை நடனம் என்று வேலைகள் மாறின. காதலிப்பதாக நம்பவைத்த ஒருவனின் பேச்சில் மயங்கி, சிறிது காலம் உடலை விற்கும் நிலைக்கும் ஆளானார். ஒவ்வொரு இடத்திலும் மற்றவர்கள் கொடுத்த வேடத்தை அணிந்துகொண்டார். தாம் யார் என்ற கேள்விக்கு மட்டும் பதில் கிடைக்கவில்லை.

பாலைநிலத்தில் ஒரு தாய்

இத்தகைய ஒரு தாயைத் திருவிவிலியத்தின் முதல் நூலிலேயே நாம் சந்திக்கிறோம். அவர் எகிப்திய அடிமைப்பெண் ஆகார். தொடக்க நூல் 16ஆம் அதிகாரத்தைக் கவனமாக வாசித்தால் ஒன்று புலப்படும். ஆபிராமும் சாராயும் பேசும்போது அவரைப் 'பணிப்பெண்' என்றே குறிப்பிடுகிறார்கள். ஒருமுறைகூடப் பெயர் சொல்வதில்லை. பாலைநிலத்தில் நீரூற்றருகே அவரை முதன்முதலாகப் பெயர் சொல்லி அழைப்பவர் ஆண்டவரின் தூதரே. எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று அவரிடம் கேட்பவரும் அவரே. அவரது குற்றம் என்ன என்ற விசாரணை அங்கே இல்லை. ஆகாரும் பதிலுக்கு, தம்மைக் காணும் இறைவன் என்று கடவுளுக்கே பெயர் சூட்டுகிறார். தன்னை ஒருவர் காண்கிறார் என்று அறியும் இடத்தில்தான் மனிதர் தம்மைக் கண்டடைகிறார்.

மாயாவுக்கு அத்தகைய தருணம் மகன் வழியாக வந்தது. குழந்தையைப் பார்த்துக்கொண்ட பெண், அவனைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். தேடிச் சென்று மீட்டபோது அவனுக்கு மூன்று வயது. பயந்து அழுத பிள்ளையை அணைத்தபோதுதான், அவன் தம் உடைமை அல்ல, தனக்கென உணர்வும் துயரமும் கொண்ட தனி மனிதன் என்பதை அவர் உணர்ந்தார். பின்னர் போதைப் பழக்கம் ஒரு மனிதனை எப்படிச் சீரழிக்கிறது என்பதை நேரில் கண்டு, மகனோடு தாயின் வீட்டுக்கே திரும்ப முடிவு செய்தார். ஊதாரி மைந்தன் எழுந்து தந்தையிடம் செல்லத் துணிந்ததைப் போன்ற முடிவு அது.

மறைக்காத உண்மை

இவற்றையெல்லாம் எழுத வேண்டுமா என்று மாயா தயங்கினார். குடும்பத்தாரைக் கலந்த பிறகே வெளியிட்டார். தாங்கள் தவறே செய்யாதவர்கள்போல் பிள்ளைகளிடம் நடிக்கும் பெற்றோர் ஒன்றுகூடி உண்மையைச் சொல்லட்டும் என்பதே அத்தலைப்பின் நோக்கம் என்று பின்னாளில் விளக்கினார். பாவத்தை அவர் நியாயப்படுத்தவில்லை, மூடி மறைக்கவுமில்லை. விழுந்தவர் எழ முடியும் என்று இளையோர் அறிய வேண்டும் என விரும்பினார். நாம் ஒப்புரவு அருள்சாதனத்தில் அனுபவிப்பதும் இதுவே அல்லவா? உண்மையைச் சொல்பவர் அங்கே சிறுமைப்படுவதில்லை, விடுதலை பெறுகிறார்.

நமது பங்கில்...

2013ஆம் ஆண்டு மே மாத மறையுரை ஒன்றில் திருத்தந்தை பிரான்சிஸ், குழந்தைக்குத் திருமுழுக்குக் கேட்டுவந்த திருமணமாகாத தாயைத் திருப்பி அனுப்புவதைக் கண்டித்தார். குழந்தையைக் கலைக்காமல் பெற்றெடுத்த அவரது துணிவை எடுத்துக்காட்டினார். 2016ல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்வு' திருத்தூது ஊக்கவுரையிலும், இளவயதுத் தாய்மாருக்கும் தனித்து வாழும் தாய்மாருக்கும் விரிந்த குடும்பம் அன்பும் ஆதரவும் தரவேண்டும் என்றார் (எண் 197). அந்த விரிந்த குடும்பம் நாம்தான்.

அத்தகைய பெண் நம் ஆலயத்திற்கு வரும்போது என்ன செய்கிறோம்? அவர் பெயரைக் கேட்கிறோமா, அவரைப் பற்றிய கதையைக் கேட்கிறோமா? பெண்ணை மட்டும் குற்றவாளியாக்கி, ஆணைப்பற்றிக் கேட்காமல் விடுகிறோமா? கருவைக் காப்பது கடமை என்று போதிக்கும் நாம், கருவைக் காத்த தாய்க்குத் தோள் கொடுக்கிறோமா?

மாயா 2014ல் தம் 86ஆம் வயதில் இறந்தபோது உலகமே அவரை அறிந்திருந்தது. ஆனால் 17 வயதில் அவருக்குத் தேவைப்பட்டது புகழன்று. பெயர் சொல்லி அழைக்கும் ஒரு குரல், திரும்பி வரத் திறந்திருக்கும் ஒரு வாசல். வரும் ஞாயிறு நமது பங்கின் கடைசி இருக்கையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் இளம் தாயிடம் அந்தக் குரலாக நாம் செல்வோம். அவரது பெயரைக் கேட்டு, குழந்தையின் பெயரையும் கேட்போம். இறைவன் பெயரால் நாம் கூடியிருப்பது அப்போதுதான் உண்மையாகும்.