இறவாப்பனை நாட்டில் இறக்கும் ஏடுகள்

கோவையை அடுத்த பேரூர் பட்டீசுவரர் திருக்கோயிலுக்குச் செல்வோர் பிறவாப்புளி, இறவாப்பனை என்னும் இரு மரங்களைப் பற்றிக் கேள்விப்படாமல் திரும்புவதில்லை. விதை முளைக்காத புளி, பிறவாமையின் குறியீடு. பட்டுப்போகாமல் நிற்பதாகப் போற்றப்படும் பனை, இறவாமையின் குறியீடு. பனையைப் புனிதமாகக் கண்ட இம்மண்ணில், அதன் ஓலையில் முன்னோர் கீறி வைத்தவை என்ன ஆயின என்று நாம் கேட்டாக வேண்டும்.

ஓலை ஓவியம் என்றதும் நினைவுக்கு வருவது ஒடிசா. பூரி மாவட்டத்து ரகுராஜ்பூர்க் கலைஞர்கள், பதப்படுத்திய ஓலைகளை நூலால் இணைத்து, எழுத்தாணியால் உருவங்களைக் கீறி, மேலே கரியைத் தேய்த்துத் துடைக்கின்றனர். கீறலில் மட்டும் கரி தங்கிக் கோடு துலங்குகிறது. தசாவதாரமும் ஜயதேவரின் கீதகோவிந்தக் காட்சிகளும் அவர்கள் விரும்பி வரைபவை. ஓலையின் இடமோ குறுகியது. ஆகவே அங்கே குறியீடுதான் பேசுகிறது. குழலும் மயிற்பீலியும் கண்ணனை உணர்த்தும். கலப்பை பலராமனை உணர்த்தும். பெரிய வட்டக் கண்கள் ஜகந்நாதரை உணர்த்தும்.

தமிழ் ஏடுகளிலும் எழுத்தாணியும் கரியுமே கருவிகள். ஆயினும் இங்கு உருவ ஓவியம் குறைவு, எழுத்தே மிகுதி. மந்திரச் சுவடிகளில் சக்கரங்கள் வரையப்பட்டுள்ளன. முருகனுக்குரிய அறுகோணச் சக்கரத்தில் மேல்நோக்கிய முக்கோணம் சிவத்தையும், கீழ்நோக்கிய முக்கோணம் சக்தியையும் குறிக்கும். ஆறு மூலைகளில் ‘சரவணபவ’ என்னும் ஆறெழுத்து அமையும். ஏட்டின் தலைப்பில் இடும் பிள்ளையார் சுழியையும் ஒரு சிற்றோவியமாகவே நான் கருதுகிறேன். ஓலையும் எழுத்தாணியும் செம்மையாக உள்ளனவா என்று பார்க்க இட்ட கீறலே நாளடைவில் வழிபாடாயிற்று என்று விளக்குவோரும் உண்டு.

ஓலையில் குறியீடு எழுந்ததுபோல் ஓலைச்சுவடியே ஒரு குறியீடாகவும் ஆயிற்று. கலைமகள் கையிலும், தட்சிணாமூர்த்தி கையிலும், மாணிக்கவாசகர் திருவுருவத்தின் கையிலும் நாம் காண்பது சுவடியே. அது ஞானத்தின் அடையாளம்.

ஆனால், ஏட்டைப் புனிதமாகக் கருதியதே ஏட்டுக்குக் கேடாகவும் முடிந்தது. ஆயுத பூஜையன்று சுவடிக் கட்டுக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, அவிழ்த்துப் பாராமலே மீண்டும் பரணில் ஏற்றிவிடும் வீடுகளைக் கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் கண்டிருக்கிறேன். ஆடிப்பெருக்கு வெள்ளத்தில் ஏடுகளை விடுவதைப் புண்ணியமாகக் கருதியோரும் இருந்தனர். கரிவலம்வந்தநல்லூர்க் கோயில் ஏடுகள் நெய்யில் தோய்த்து ஓமத் தீயில் இடப்பட்டதைக் கேட்டு வருந்தியதை உ.வே. சாமிநாதையர் தம் தன்வரலாற்றில் எழுதியுள்ளார். சம்பந்தர் வைகையில் இட்ட ஏடு வெள்ளத்தை எதிர்த்துச் சென்று திருவேடகத்தில் கரைசேர்ந்தது என்கிறது புராணம். நம்மவர் ஆற்றில் விட்ட ஏடுகள் எங்கும் கரைசேரவில்லை.

இழப்பு சமயத்துக்கு மட்டுமன்று. காணிப் பட்டயங்கள், மருத்துவக் குறிப்புகள், கதைப்பாடல்கள் எனக் கொங்கின் வரலாறும் ஓலையில்தான் இருந்தது. திருச்செங்கோடு முத்துசாமிக் கோனார் போன்றோர் ஊர் ஊராகத் தேடியிராவிட்டால் எஞ்சியவற்றிலும் பல அழிந்திருக்கும்.

செய்ய வேண்டியவை எளியவை. ஏட்டின்மேல் சந்தனம், குங்குமம், நீர் படலாகாது. ஈரமற்ற இடத்தில் வசம்புடன் துணியில் கட்டி வைக்கலாம். உலர்ந்து ஒடியும் ஏட்டை நாமே பிரிக்காமல், எலுமிச்சைப்புல் எண்ணெய் கொண்டு பதப்படுத்தத் தெரிந்தவர்களிடம் காட்ட வேண்டும். சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகமும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமும் இத்துறையில் அனுபவம் மிக்கவை. ஏட்டைப் பிறரிடம் ஒப்படைக்க மனம் இல்லாதவர்கள் மின்படி எடுக்க மட்டுமேனும் இசையலாம். ஏடு பூசையறையிலேயே இருக்கட்டும், அதிலுள்ள செய்தி உலகுக்குக் கிடைக்கட்டும்.

வரும் கலைமகள் பூசைக்குள், வீட்டில் சுவடி வைத்திருப்போர் அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை மட்டுமாவது படிக்கத் தெரிந்த ஒருவரிடம் கேட்டு அறிய வேண்டும். சுவடியை வழிபடுவதில் அதுவும் ஒரு பகுதியே.